ஆழமில்லாத கடலில் கடற்படை: நம் கரைக்காரர்களின் அனுபவங்கள்

உச்சிப்புளியிலிருந்து:

எங்கள் ஊரில் கடற்படைத் தளம் இருக்கிறது என்று வெளியூரில் சொன்னால், "எந்தக் கப்பல் நிற்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கப்பல் கிடையாது, ஓடுதளம்தான் உண்டு. பல வருஷமாக இயங்கிவந்த விமான நிலையம் 2009 மார்ச் 26 அன்று ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரோடு முழுத் தளமானது. 2012-ல் ஆளில்லா விமானப் பிரிவும் வந்தது. பனைமரத் தலைக்கு மேலே சேத்தக் ஹெலிகாப்டர் போகும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். இங்கே ஏன் விமானம் என்றால், காரணம் நம் கடல்தான். ராமர் பாலத்து மணல் தீடைகளைத் தாண்டிப் பெரிய போர்க்கப்பல் போக முடியாது. கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம் போகிற கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் இந்தக் கடலை மேலே இருந்து பார்க்கிறார்கள்.

எனக்குக் கடற்படை மேல் ஆர்வம் வந்தது பெரியப்பாவால். 1971 போரில் அவர் பழைய விக்ராந்த் கப்பலின் பாய்லர் அறையில் வேலை பார்த்தார். அந்தக் கப்பலில் நான்கு பாய்லர்கள். போருக்கு முன்பே ஒன்றில் விரிசல் கண்டுவிட்டது. மீதி மூன்றை வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம் என்பது சீக்கிரம் போய்ச் சேருவதற்கு மட்டுமல்ல. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் மேல்தளத்தில் எதிர்க்காற்று கிடைக்கும், பாரமான விமானம் எழும்பும். வேகம் குறைந்தால் அந்தக் காற்றும் குறையும். அப்படிப்பட்ட கப்பலிலிருந்துதான் டிசம்பர் 4 முதல் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

"போரை நான் கண்ணால் பார்க்கவே இல்லடா, காதால்தான் கேட்டேன்" என்பார் பெரியப்பா. மேலே விமானத்தைத் தள்ளிவிடும் கேட்டபுல்ட் இயங்கும்போது கப்பல் முழுக்க ஒரு அதிர்வு ஓடுமாம். ஒவ்வொரு அதிர்வையும் மனசுக்குள் எண்ணிக்கொள்வார்களாம். திரும்பி இறங்குகிற சத்தத்தையும் எண்ணிச் சரிபார்ப்பார்களாம். வெக்கையில், வியர்வையில், வெளியே பகலா இரவா என்று தெரியாமல். அவர் அதைச் சொல்லும்போது வீட்டில் யாரும் குறுக்கே பேச மாட்டோம்.

விக்ராந்தைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அப்போது அந்தமானில் ஒளிந்திருந்தது. அது விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று நம்ப வைக்க ஐ.என்.எஸ். ராஜ்புத் கப்பலை அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோலச் செய்திகள் விட்டார்கள். டிசம்பர் 3-4 இரவில் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளும் இன்றுவரை வேறு வேறு காரணம் சொல்கின்றன.

கடற்படை தினம் டிசம்பர் 4. நிபாத், நிர்காத், வீர் என்ற ஏவுகணைப் படகுகள் கராச்சியை அடித்த இரவின் நினைவாக. அது பெரிய வீரம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாளில் எல்லோரும் கராச்சியைப் பற்றியே பேசுகிறார்கள், கிழக்குக் கடலைச் சொல்வதில்லை என்ற வருத்தம் பெரியப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் கரையில் கண்டதை எழுதுங்கள்.

வேதாளையிலிருந்து:

அண்ணே, பெரியப்பா கதையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் சொல்லப்போவது நாங்கள் தினமும் நடக்கிற மண்ணைப் பற்றி. எங்கள் ஊர்க் கரையில் 1538-ல் ஒரு பெரிய கடற்போர் நடந்தது. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் மரைக்காயர் கடற்படை, இலங்கையில் சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவப் போகிற வழியில் இங்கே இருந்தது. மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா தலைமையில் வந்த போர்த்துகீசியர்கள் அதை இங்கே வைத்துத் தோற்கடித்தார்கள். போர்த்துகீசியர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் கடலில் வியாபாரக் கப்பல் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்த காலம் அது. முத்துக்குளிப்பும் அவர்கள் பிடியில்.

பிறகு இங்கேயே ஒரு கோட்டையும் கட்டினார்கள். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களிடம் காசு வசூலித்தார்கள். அது தகராறாகி, 1549-ல் விஜயநகரப் படை வந்து தாக்கியதில் அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டார்.

இதையெல்லாம் என் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நூலகத்தில் எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. லீவுக்கு வந்து எங்கள் நன்னாவிடம் (தாத்தாவிடம்) வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காத்து எந்தப் பக்கமாம் அன்னிக்கி?" என்றார். புத்தகத்தில் அது இல்லை. கடல் தெரிந்தவர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான் என்று எனக்கு அன்று புரிந்தது.

ராமேஸ்வரத்திலிருந்து:

தம்பி, உங்கள் நன்னா கேட்டது சரியான கேள்வி. நான் விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டுகிறவனாக, இருந்தவன். 1990-ல் இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து திரும்பிய பிறகு பாக் நீரிணையில் 'ஆபரேஷன் தாஷா' என்று கடற்படை ரோந்து ஆரம்பித்தது. இந்தத் தண்ணீருக்குக் கப்பல் தோதுப்படாது. அதனால் விசைப்படகுகளையும் வாடகைக்கு எடுத்து, அதில் கடற்படையாட்கள் ஏறி ரோந்து போனார்கள். அப்படி ஓடிய படகு ஒன்றில் நானும் இருந்தேன்.

வடக்கத்திப் பையன் ஒருவர் வந்தார். பெரிய கப்பலில் வருஷக்கணக்கில் ஓடியவர். எங்கள் லாஞ்சில் (விசைப்படகில்) ஏறின அன்றைக்கே தலைசுற்றிப் படுத்துவிட்டார். கப்பலின் ஆட்டம் வேறு, லாஞ்சின் ஆட்டம் வேறு. பழைய கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்து எழுப்பினோம். அவர் கையில் வரைபடம் வைத்திருந்தார். இந்தியாவும் இலங்கையும் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோடு அதில் இருக்கும். மன்னார் பக்கத்துக் கோடு 1976-ல் வந்தது. தாளில் கோடு தெளிவாகத்தான் இருக்கும், தண்ணீரில் எங்கே இருக்கிறது? ஜி.பி.எஸ். எங்கள் கைக்கு வராத காலம். கோயில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் ஒன்றுக்கொன்று நேர் பார்த்துத்தான் நாங்கள் இடம் சொல்லுவோம். நான் சொல்லச் சொல்ல அவர் அந்தத் தாளில் பென்சிலால் குறித்துப் பார்ப்பார். பொருந்தும்போது ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுவார்: காற்று, இடம், எதிரே கண்ட படகு எல்லாம். தூக்கம் கண்ணைச் சொருகினாலும் எழுதாமல் விடமாட்டார். அதன் பிறகு என் சொந்தப் படகிலும் ஒரு நோட்டு வைத்தேன். இன்றைக்கு என் மகன் அதைப் பார்த்துத்தான் எந்த மாதம் எங்கே மீன் பட்டது என்று சொல்கிறான்.

பாம்பனிலிருந்து:

ஐயா சொன்ன மாதிரி, எங்களுக்குக் கடற்படையைவிடப் பழக்கம் மண்டபத்துக் கடலோரக் காவல்படைதான். பலர் ரெண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். காவல்படை 1978 சட்டத்தின் கீழ் வந்த தனிப் படை. அவர்களுடைய ஹோவர்கிராஃப்டை நான் முதன்முதலில் பார்த்தபோது ஆறாம் வகுப்பு. பெண்கடல் (வடக்கே அலை குறைந்த பாக் நீரிணைக் கடல்) பக்கம் நின்றிருந்தோம். ஒரே இரைச்சல், புகைபோலத் தண்ணீர்த் தூவல், அதற்குள்ளிருந்து அது வெளியே வந்து நேராக மணலில் ஏறி உட்கார்ந்தது! முழங்கால் தண்ணீரிலும் போகும், தீடையிலும் ஏறும். நம் கடலுக்கென்றே யோசித்த வண்டி மாதிரி இருந்தது.

பாலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கை, அதாவது கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியை, ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். கப்பல் நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கும். உள்ளூர் வழிகாட்டி ஏறின பிறகுதான் கால்வாய்க்குள் நுழையும். வாடைக் காலத்தில் நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே இழுக்கும், கொஞ்சம் பிசகினால் தூணில் மோதிவிடும். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தபோது 72.5 மீட்டர் நீளத் தூக்கு அப்படியே செங்குத்தாக மேலே போனது, கீழே காவல்படைக் கப்பல் கடந்தது. கூட்டத்தில் எல்லோரும் மேலே தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், கப்பலுக்கு அடியில் எத்தனை பாகம் ஆழம் இருக்கிறது என்று.

முதுகுளத்தூரிலிருந்து:

நான் கடலைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை, ஆனாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் அக்கா மகள் கடற்படையில் சேர்ந்திருக்கிறாள். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா பயிற்சித் தளத்தில் முதல் அக்னிவீர் அணி பயிற்சி முடித்தது, பெண்களும் அதில் இருந்தார்கள். அணிவகுப்பைச் சாயங்காலம் பொழுது சாய்ந்த பிறகு நடத்தினார்கள். வெள்ளைச் சீருடையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்று போலத் தெரிந்தார்கள். அக்கா தன் மகளை நடையை வைத்துக் கண்டுபிடித்தாள்.

உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு செய்தி. கடற்படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக 1958-ல் வந்த ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். எங்கள் பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டம், கணக்கு எல்லாம் சொல்லித் தருகிறோம். ஆனால் நம் மாவட்டத்தில், கடற்கரை ஊர்களில்கூட, பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவது குறைவு. சில்காவில் என் அக்கா மகளை மிகவும் சிரமப்படுத்தியது அந்த நீச்சல் பயிற்சிதான். ஊருணியில் தண்ணீர் நிற்கிற மாதங்களிலேயே பழக்கிவிடுங்கள், பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும்.