பழைய இரும்புப் படகுக்கு சர்வே: ஒருவர் 9,000 கேட்கிறார், இன்னொருவர் 38,000 கேட்கிறார்

மண்டபம் தென்கடல்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை மர விசைப்படகு மட்டுமே வைத்திருந்த நாங்கள், ஆழ்கடலுக்குப் போகலாம் என்ற எண்ணத்தில், ஏழு ஆண்டு ஓடிய ஓர் இரும்புப் படகை விலை பேசி வருகிறோம். நீளம் 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆயிரங்கால் தூண்டிலுக்கும் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்குவது) செவுள் வலைக்கும் ஏற்றபடி கட்டியது. மரப்படகாக இருந்தால் எங்கள் ஓடாவியே (படகு கட்டும் தச்சர்) ஏராவில் (படகின் அடிமரம்) தொடங்கி ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். இரும்பைக் கண்டதும் அவரும் கையை விரித்துவிட்டார்.

வங்கியில் கடன் கேட்டபோது சர்வே அறிக்கை, அதாவது படகை ஆய்வு செய்து எழுதித் தரும் அறிக்கை, கொண்டு வரச் சொன்னார்கள். தூத்துக்குடியில் இரண்டு சர்வேயர்களிடம் விசாரித்தோம். ஒருவர் 9,000 ரூபாய்க்கு அரை நாளில் பார்த்து மறுநாளே அறிக்கை தருவதாகச் சொல்கிறார். மற்றவர் 38,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 44,840 ரூபாய் கேட்கிறார். போக்குவரத்தும், படகைக் கரையேற்றும் செலவும் எங்களுடையதாம். ஒரே படகுக்கு இத்தனை வித்தியாசம் எப்படி வருகிறது? முதலாமவர் குறைத்துக் கேட்கிறாரா, இரண்டாமவர் கூட்டிக் கேட்கிறாரா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். என் மைத்துனர் முண்டு மிளகாயைத் தூத்துக்குடி வழியாகக் கண்டெய்னரில் அனுப்புகிறார். வாங்குபவர் அதற்கும் சர்வே அறிக்கை கேட்கிறார். படகு பார்ப்பவரே இதையும் பார்ப்பாரா?

ஓய்வு எஞ்சினியர், தூத்துக்குடி:

தம்பி, இருவருமே சரியான விலைதான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இருவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை.

முதலாமவர் செய்யப்போவது மதிப்பீட்டு சர்வே. 'கடன் நின்றுபோனால் இந்தப் படகை என்ன விலைக்கு விற்கலாம்' என்ற ஒரே கேள்விக்கு வங்கிக்குப் பதில் சொல்லும் அறிக்கை அது. பதிவுச் சான்று, எஞ்சினின் வரிசை எண், கட்டிய ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்ப்பார், படகை மிதக்கும் நிலையிலேயே சுற்றிப் பார்த்துப் புகைப்படம் எடுப்பார், இதே அளவுள்ள படகுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று ஒப்பிட்டு ஒரு தொகையை எழுதுவார். இரண்டாமவர் சொல்வது வாங்கும் முன் செய்யும் நிலை சர்வே. 'இந்தப் படகின் உடல் இன்னும் தாங்குமா, எங்கே தகடு மாற்ற வேண்டும், எஞ்சினுக்கு அடுத்து எவ்வளவு செலவு வரும்' என்பது உங்களுடைய கேள்வி. அதற்கான பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கும். வங்கிக்கு வேண்டிய அறிக்கையை வைத்துக்கொண்டு உங்கள் பணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

கட்டணம் எதனால் கூடுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கடல்நீரில் இரும்பு வெளியிலிருந்து மட்டும் அரிப்பதில்லை. எஞ்சினுக்கு அடியில் எண்ணெயும் உப்புநீரும் கலந்து தேங்கும் இடம், மீன் அறையின் ஐஸ் உருகித் தங்கும் மூலை, விசிறியைச் சுழற்றும் தண்டு (ஷாஃப்ட்) வெளியே வரும் குழாயைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் உள்ளிருந்தே அரிக்கும். மேலே புதிய பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும், அரித்த தகடு மண்சட்டிபோல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பசை தடவி, அல்ட்ராசோனிக் கருவியின் முனையை வைத்தால் திரையில் தடிமன் தெரியும். கட்டும்போது 6 மில்லிமீட்டராக இருந்த தகடு 4.8 காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்த அளவு தேய்ந்த தகட்டை மாற்றச் சொல்வதா, கண்காணிப்பில் வைப்பதா என்று சர்வேயர் யோசிக்கத் தொடங்குவார். இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள் அளக்க வேண்டியிருக்கும் என்பதால், சிலர் புள்ளிக்கு இவ்வளவு என்றும், சிலர் நாளுக்கு இவ்வளவு என்றும் கணக்கிடுவார்கள். பொழுதுபோக்குப் படகுகளுக்கு நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்ற கணக்கும் உண்டு.

ஆகவே 38,000 என்பது எத்தனை நாள், எத்தனை புள்ளி, படகைக் கடலில் ஓட்டிப் பார்ப்பது உண்டா, அறிக்கை எத்தனை நாளில் வரும், தகடு மாற்றிய பின் மறுபடி வந்து பார்க்கத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் கேளுங்கள். படகின் விலையில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. படகு அதிக விலைக்குப் போனால் அவருக்கும் அதிகம் கிடைக்கும் என்றாகிவிட்டால், அவர் யாருக்காகப் பார்க்கிறார்?

மீன்வளத் துறை மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், செய்யும் ஆய்வை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படகு உண்மையில் இருக்கிறதா, பதிவும் எஞ்சினும் பொருந்துகின்றனவா என்பதே அதன் நோக்கம். வணிகக் கப்பல்களுக்கு இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற தரச்சான்று அமைப்புகள் ஐந்தாண்டுச் சுழற்சியில் நடத்தும் ஆய்வுகள் வேறு வகை. அவற்றின் கட்டண அட்டவணை உங்களுக்குப் பயன்படாது. ஒருவேளை இது 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மானியத் திட்டத்தில் கட்டிய படகானால், விற்பதற்குத் துறையின் அனுமதி இருக்கிறதா என்பதை சர்வேக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கீழக்கரை வணிகன்:

மிளகாய் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். படகின் உடலைப் பார்ப்பவரும் சரக்கைப் பார்ப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஒரே நிறுவனத்தில் இரு பிரிவும் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வருபவர் எஞ்சின் படித்தவரா, சரக்கு படித்தவரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்க்கு உங்கள் மைத்துனரிடம் கேட்பது ஏற்றுமதிக்கு முந்தைய சர்வேயாக இருக்கும். அதில் மூன்று வேலைகள் அடங்கும். முதலில் காலி கண்டெய்னரை ஆய்வு செய்வார்கள்: சர்வேயர் உள்ளே நின்றுகொண்டு கதவை மூடச் சொல்வார், இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கண்டெய்னரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்தது மூட்டை எண்ணிக்கை, மாதிரி எடுத்தல், ஈரப்பதம். கடைசியாக, அடுக்கி முடித்து சீல் போடும்போது அதன் எண்ணைக் குறித்துக்கொள்வார். இவற்றில் ஈரப்பதத்தில்தான் சண்டை வரும். சரியாகக் காயாத வற்றலை அடைத்துவிட்டால், பகலில் சூடேறி வெளிவரும் ஈரம் இரவில் கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டும். போய்ச் சேரும்போது மேல் அடுக்கு மூட்டைகள் கறுத்துப் பூசணம் பிடித்திருக்கும். காப்பீட்டுக்காரர்கள் அதைச் சரக்கின் சொந்தக் குணத்தால் வந்த கேடு என்று ஒதுக்க முடியும். 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஏற்றிய அன்று ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால் பேச்சே வேறு.

கட்டணம் கண்டெய்னருக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஒரே நாளில் மூன்று கண்டெய்னர் அடைத்தால் நாள் கூலி முறையே மலிவு. ஆய்வகச் சோதனைக்குத் தனி.

இதே தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்பவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. மொத்தமாகக் கப்பலில் ஏற்றும்போது, கப்பல் அமிழும் அளவை வைத்துச் சரக்கின் எடையைக் கணக்கிடும் டிராஃப்ட் சர்வேக்கு, ஏற்றும் முன் ஒரு முறை, ஏற்றிய பின் ஒரு முறை என்று இரண்டுக்கும் சேர்த்துக் கப்பலுக்கு ஒரு தொகையாகப் பேசுவது வழக்கம்; டன் கணக்கில் பேசுவது மேற்பார்வைக்கும் மாதிரி எடுப்பதற்கும்தான். முன், நடு, பின் என இரு பக்கமும் ஆறு இடங்களில் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று படித்து, தண்ணீரின் அடர்த்தியையும் அளந்து எடையைக் கணக்கிடுவார்கள். அடர்த்தி வழக்கமான கடல்நீருக்குரிய 1.025 என்று கொண்டு 10,000 டன் என்று வரும் இடத்தில், மழைநீர் கலந்து தண்ணீர் 1.020 ஆக இருந்தால் உண்மை எடை 9,951 டன்தான். ஒரு குப்பித் தண்ணீரை மொண்டு அளக்காமல் விட்டால் 49 டன் காகிதத்தில் முளைத்துவிடும். சரக்குத் தோணியில், எவ்வளவு அமிழ்ந்தால் எவ்வளவு எடை என்று காட்டும் அட்டவணை கிடைப்பது அரிது. அங்கே மூட்டை எண்ணிக்கைதான் சர்வே, தோணியின் தலைவரான தண்டையலும் எண்ணுவார், நாமும் ஓர் ஆளை நிறுத்தி எண்ணுவோம்.

பாம்பன் வடவாடை:

நான் வாங்கும்போது சர்வே செய்யவில்லை, சேதமான பிறகுதான் சர்வேயர் என்ற சொல்லையே கேள்விப்பட்டேன். அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒரு வாடைக்காலத்தில் நங்கூரம் இழுபட்டு என் படகு பாறையில் மோதி, பக்கப் பலகைகள் ஏழெட்டு உடைந்தன. தொழில் நிற்கிறதே என்ற பதற்றத்தில், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன கையோடு ஓடாவியை வைத்துப் பலகைகளை மாற்றிவிட்டேன். உடைந்தவை அடுப்புக்குப் போய்விட்டன. சர்வேயர் வந்து பார்த்தபோது புதிய பலகைதான் இருந்தது. எத்தனை பலகை மோதலில் உடைந்தது, எத்தனை பலகை ஏற்கெனவே புழு அரித்தது என்று அவர் கேட்டதற்கு என்னால் வாயால் மட்டுமே பதில் சொல்ல முடிந்தது. செலவில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. இல்லாததை அவர் எப்படி எழுதுவார்?

தெரிந்துகொள்ள வேண்டியது: குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பீட்டுக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை வேண்டும் என்று 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டு நிறுவனம். அவர் போக்குவரத்துக்கென்று உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தரப்புக்கு ஒருவர் வேண்டுமென்றால் நீங்கள் தனியாகச் செலவு செய்து அமர்த்திக்கொள்ளலாம். படகு மூழ்காமல் காப்பாற்றும் வேலையை உடனே செய்துதான் ஆக வேண்டும், அதற்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் கழற்றிய ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, எண் போட்டு ஓரமாக வையுங்கள்.

மண்டபம் தென்கடல்:

எஞ்சினியர் ஐயாவுக்கும், கீழக்கரை அண்ணனுக்கும், பாம்பன் அண்ணனுக்கும் நன்றி. வங்கிக்கு 9,000 அறிக்கையும், எங்களுக்கு நிலை சர்வேயும் என்று இரண்டையும் செய்யலாமா, அல்லது இரண்டாமவரையே மதிப்பும் எழுதச் சொல்லலாமா? விற்பவர் தன்னிடம் போன வருட சர்வே அறிக்கை இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

ஓய்வு எஞ்சினியர், தூத்துக்குடி:

விற்பவரின் அறிக்கையை வாங்கிப் படியுங்கள், எந்தத் தகட்டை மாற்றச் சொல்லியிருந்தார்கள் என்பது அதில் இருக்கும். ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். அது அவருக்காக எழுதப்பட்டது, தவறாக இருந்தால் அந்த சர்வேயரிடம் நீங்கள் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாமவர் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறாரா என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள். இருந்தால் ஒரே வருகையில் நிலையும் மதிப்பும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், தனித்தனியாகச் செய்வதைவிடக் குறையும். தடைக்காலத்தில் படகு எப்படியும் கரையேறும், கரையேற்றும் செலவை விற்பவரோடு பாதிப்பாதி பேசிப் பாருங்கள். பக்கத்தில் வேறு யாரேனும் சர்வே செய்வதாக இருந்தால் போக்குவரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். சர்வேயர் வருவதற்கு முந்தின நாளே எஞ்சின் அறையின் அடிநீரை இறைத்துத் துடைத்து, மீன் அறையின் அடிப்பலகைகளைக் கழற்றி வையுங்கள். அவர் வந்த பிறகு ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தால் காத்திருக்கும் நேரமும் உங்கள் பில்லில்தான் ஏறும்.