நெடுந்தீவில் ஆளில்லாத ஒரு கரை: இடத்தைச் சொல்லலாமா, கூடாதா?

வாடைக்காற்று (யாழ்ப்பாணம்)

போன சனிக்கிழமை நானும் தோழி ஒருத்தியும் நெடுந்தீவு போய் வந்தோம். குறிகட்டுவானில் காலைப் படகு ஏறினால் ஒரு மணி நேரம் அளவில் மாவிலித்துறை. ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், மட்டக்குதிரைகள் என்று எல்லாரும் போகிற சுற்றை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டோம். பிறகு ஓட்டோ அண்ணையிடம், "சனம் போகாத கரை ஏதும் இருக்கா?" என்று கேட்டோம். கல்வேலிகளுக்கு நடுவே போகிற ஒழுங்கை ஒன்றில் கொண்டுபோய், அது முடிகிற இடத்தில் இறக்கிவிட்டார்.

கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மூன்று வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடந்தன. கரை நீளத்துக்கும் சாதாளை என்கிற கடற்புல் ஒதுங்கிக் காய்ந்திருந்தது. மேலே சருகு மாதிரி நொறுங்கும், காலை அழுத்தினால் அடியில் ஈரம் கசியும். தண்ணீருக்குள் நூறு அடி நடந்தும் இடுப்பைத் தாண்டவில்லை. வடலி நிழலில் ஒரு ஐயா வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்து, ஊசியைக் கண்ணுக்குள் விட்டு எடுக்கிற அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்துவிட்டோம்.

படம் போட்டதிலிருந்து "எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். காரைநகர் கசூரினா கடற்கரைக்கு ஒரு நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள், சவுக்குக்குக் கீழே போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கிடக்கும். தெரிந்தவர்களும் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெடுந்தீவு மைந்தன்

தங்கச்சி, எங்கள் ஊரைப் பற்றி அன்பாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்தக் கரையின் பெயரை மறைக்கிற உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் பாட்டன்மார் வைத்த பெயர் அது.

நீங்கள் கண்ட அமைதி தானாக வந்ததும் இல்லை. எனக்கு எட்டு வயதில் அங்கே விடியப்புறம் மீனை ஏலம் கூறுகிற சத்தம் ஒழுங்கை முனை வரை கேட்கும். 1985 மே 15 அன்று எங்கள் தீவிலிருந்து குமுதினிப் படகில் போனவர்களை நடுக்கடலில் வைத்துக் கொன்றார்கள், குழந்தைகளையும் விடவில்லை. அதற்குப் பிறகு வீடு வீடாகச் சனம் வெளிக்கிட்டது. நீங்கள் போன ஒழுங்கையில் பாதி வளவுகளில் இப்போது ஆளில்லை. வேலி மட்டும் நிற்கிறது.

மிச்சம் இருக்கிற நாங்கள் எப்படி வாழ்கிறோம்? பிடித்த மீனுக்கு ஐஸ் போட்டு, படகு ஏற்றி, அக்கரையில் குறிகட்டுவானில் இறக்குகிற நேரத்துக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. பேரம் பேச நின்றால் மீன் பழுதாகும். அதே பாரை மீனை என் வீட்டில் பத்துப் பேருக்குச் சமைத்துக் கொடுத்தால் கிடைக்கிற காசு வேறு. நீங்கள் இரண்டு பேரும் பின்னேரப் படகில் போய்விட்டீர்கள். ஓட்டோவுக்குக் கொடுத்ததைத் தவிர எங்கள் ஊரில் என்ன செலவழித்தீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள் என்று கேட்கிறேன். பெயரைச் சொல்லுங்கள், ஆட்கள் வரட்டும்.

பாம்பன்காரன் (இராமேசுவரம்)

நெடுந்தீவு அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் வருவது மட்டும் போதுமா? எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன்.

தனுஷ்கோடியை 1964 புயல் அழித்த பிறகு அங்கே ரோடு கிடையாது. மணலில் ஓடுகிற வேனில் ஏறித்தான் போக வேண்டும். என் சித்தப்பா அப்படி ஒரு வேன் ஓட்டினார். எந்த இடத்தில் மணல் இளகும், எங்கே தண்ணீர் ஏறும் என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும், அதனால் காசும் உள்ளூரில்தான் தங்கியது. 2017இல் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ரோடு திறந்தார்கள். அப்புறம் வெளியூர்ப் பேருந்தும் காரும் நேரே முனை வரைக்கும் வந்தன. சித்தப்பா வேனை விற்றுவிட்டார். கூட்டம் பல மடங்கு கூடியது, எங்கள் வீட்டுக்கு வருமானம் குறைந்தது.

உங்கள் தீவுக்கு யாரும் சொந்தக் காரோடு சுற்றுலா வருவதில்லை. இறங்கினால் உங்கள் ஓட்டோ, உங்கள் சைக்கிள். அந்தச் சிரமம்தான் உங்களுக்குப் பிழைப்புத் தருகிறது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அக்கரைப் பிள்ளை (சூரிச்)

எங்கள் அம்மம்மாவின் காணி அந்தப் பக்கம்தான், பன்னிரண்டு பரப்பு. காணி உறுதிப் பத்திரம் என் கையில் இருக்கிறது. பத்து அறையோடு ஒரு விடுதி கட்டவேண்டும் என்பது எனக்குப் பல வருடத்து ஆசை. லாபத்துக்காக என்று நினைக்க வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு வேலை, அவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் ஓட வேண்டியதில்லை. புலம்பெயர்ந்தவர்கள் கோயில் கட்டினால் பாராட்டுகிறீர்கள், தொழில் தொடங்கினால் மட்டும் ஏன் பயப்படுகிறீர்கள்? கரையில் ஒதுங்குகிற சாதாளையைக் காலையில் அள்ளி, மணலைச் சுத்தமாக வைத்தாலே அந்த இடம் மாலைதீவு மாதிரி இருக்கும்.

கிணற்றுக்கட்டு

குடிநீர் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுதிக் கதை வந்ததால் சொல்கிறேன், இந்த விவாதத்தில் யாரும் இன்னும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

நெடுந்தீவு சுண்ணக்கல் தீவு, ஆறும் இல்லை, மலையும் இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால்தான் மிதக்கிறது. கணக்கு இப்படி: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் இருக்கும். இப்படிப்பட்ட சின்னத் தீவில் மேலே நிற்பது ஒரு சாண், இரண்டு சாண். மோட்டார் வைத்து அந்த ஒரு சாணை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு 40 சாண் ஏறி வர இடமாகிறது. ஒருமுறை உவர் ஏறிய கிணறு அடுத்த மழைக்கே திருந்திவிடும் என்று நினைக்காதீர்கள்.

கையால் அள்ளுகிற கிணறு ஏன் நூறு வருடம் நின்றது என்றால், வாளியால் அவ்வளவு வேகமாக இறைக்க முடியாது. பத்து அறை, பத்து ஷவர், தினமும் தோய்க்கிற படுக்கைவிரிப்பு, இதற்கு வாளி போதாது. வறட்சிக் காலத்தில் அந்தத் தீவின் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்த செய்தி எல்லாரும் வாசித்ததுதான். மலக்குழியும் அப்படித்தான். சுண்ணக்கல் வெடிப்பு வழியே கழிவு பக்கத்துக் கிணற்றுக்குப் போகும்.

சாதாளையை அள்ளுவது பற்றியும் ஒரு சொல். அது குப்பை இல்லை. வாடைக்கடல் அடிக்கிறபோது மணலை அரிக்கவிடாமல் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தென்னைக்குப் பசளையாகவும் போடுவார்கள்.

அக்கரைப் பிள்ளை (சூரிச்)

ஐயா, மழைத்தண்ணீர் தொட்டி கட்டலாம், கடல்நீரைச் சுத்திகரிக்கலாம். உலகத்தில் எத்தனை தீவில் செய்கிறார்கள். முடியாது என்றே பேசினால் எதுவும் நடக்காது.

கிணற்றுக்கட்டு

தொட்டி நல்ல யோசனை, முதலில் அதைக் கட்டுங்கள். சுத்திகரித்தால் மிஞ்சுகிற கடும் உப்புத்தண்ணீரை எங்கே விடுவீர்கள்? இடுப்பளவு ஆழமுள்ள கரையில் விட்டால் ஓரா மீனும் நண்டும் வளர்கிற இடம்தான் முதலில் கெடும். சட்டத்தையும் பாருங்கள். 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உறுதி கையில் இருப்பது மட்டும் போதாது.

பாம்பன்காரன் (இராமேசுவரம்)

சாதாளை என்று நீங்கள் சொல்வது எங்கள் ஊரில் கடல்தாழை. அது வளர்கிற இடத்தில்தான் கடற்பசு மேயும். 2022இல் எங்கள் அரசு பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்றே ஒதுக்கியது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே கடல்தான்.

பனங்கூடல்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று அக்கா போன ஒழுங்கையில் கடைசி வீடு எங்களுடையது என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

கரைக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுப் படலையைத்தான் தட்டுகிறார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் வந்து, "அக்கா, மலசலகூடம் போகலாமா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வராது. பெருநாள் முடிந்த வாரம் ஒரே நாளில் பதினொரு பேர். ஒவ்வொரு தரமும் ஒரு வாளி. அந்த வாளியை நிரப்ப அம்மா எங்கள் உவர்க் கிணற்றில் அள்ளுகிறார், அவருக்கு அறுபத்தெட்டு வயது. குடிக்கிற தண்ணீர் வேறு. அது சைக்கிளில் இரண்டு கான் கட்டிக்கொண்டு நான் எடுத்துவருவது.

சில பெடியன்கள் கரையில் குடித்துவிட்டுப் போத்தலை வள்ளத்தில் அடித்து உடைத்தார்கள். கண்ணாடித் துண்டு அப்பாவின் வலைக்குள் மூன்று நாள் கிடந்தது, கை கிழிந்த பிறகுதான் கண்டார்.

அதனால் பெயரைச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஓட்டோவில் வருகிறார்கள். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒழுங்கை முனையில், கரையில் இல்லை, இரண்டு மலசலகூடமும் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பும். மழைத்தண்ணீர்த் தொட்டியோடு. வருகிறவர்கள் காசு கொடுக்கட்டும், அதை எங்கள் மாதர் சங்கம் வைத்துப் பராமரிக்கட்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கரை மீன்பிடிக்காரருக்கு. சூரிச் அண்ணா, பத்து அறை வேண்டாம். உங்கள் அம்மம்மா வீட்டுக்கு ஓடு போட்டு இரண்டு அறையைத் திருத்திக் கொடுங்கள். நாங்கள் பார்த்து நடத்துகிறோம்.

நெடுந்தீவு மைந்தன்

பிள்ளை சொல்வது சரி. காசு வரட்டும் என்று எழுதினேன், தண்ணீர் அள்ளுகிற ஆளை மறந்துவிட்டேன். ஆனால் இரண்டு அறையால் ஊர் எழும்பாது என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வீட்டில் இரண்டிரண்டு அறை என்றால் கதை வேறு.

கிணற்றுக்கட்டு

இருபது வீட்டுக்கும் கூரை இருக்கிறது. மழையைப் பிடிக்கலாம். அந்தக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

அக்கரைப் பிள்ளை (சூரிச்)

தங்கச்சி, வீட்டுக்கு ஓடு போடுவதைப் பற்றி அண்ணன்மாரோடு கதைக்கிறேன். விடுதி எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது. மனதில் கிடந்த விஷயம்.

வாடைக்காற்று (யாழ்ப்பாணம்)

பனங்கூடல், படலையில் நீலச் சாயம் அடித்த வீடா? வெயிலில் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த இரண்டு பேர் நாங்கள்தான். உங்கள் அம்மா பெரிய செம்பில் தந்தார். குடித்துவிட்டு மிச்சத்தில் முகமும் கழுவினோம். அது சைக்கிளில் வந்த தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

புள்ளி வைப்பதில் என் எண்ணம் மாறவில்லை. மலசலகூடமும் தொட்டியும் வருவதற்கு முன் நூறு பேர் வந்தால் பாரம் முழுவதும் உங்கள் வீட்டுப் படலையில்தான் இறங்கும். அவை வந்த பிறகு பெயரை நீங்களே போடுங்கள், உங்கள் ஊர் ஆட்களின் தொலைபேசி இலக்கத்தோடு. அந்தத் தொட்டிக்கு நானும் தோழியும் பங்கு தருகிறோம்.

பனங்கூடல்

அம்மா யாருக்கும் அப்படித்தான் கொடுப்பார், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வாடை தொடங்கினால் படகு ஒழுங்காக ஓடாது, வருவதென்றால் ஐப்பசிக்கு முன் வாருங்கள். முதல் நாளே சொல்லுங்கள். அப்பாவுக்கு நண்டு பட்டால் ஒடியல் கூழ் காய்ச்சி வைக்கிறோம். குடிக்கிற தண்ணீர் மட்டும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.