கானாவுக்கு முந்திரி அண்டி எடுக்க போறேன், உடம்புக்கு என்னெல்லாம் பாக்கணும்?

குழித்துறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) அவுட்டர்ன், அதாவது அண்டில பருப்பு எவ்வளவு தேறும்னு, பாக்குற வேலை எனக்கு, பிப்ரவரி கடைசில மொதலாளி என்னைய கானாவுக்கு அனுப்புகாரு, ரெண்டு மாசம் டெச்சிமான் பக்கம் நின்னு அண்டி பாத்து வாங்கி விடணும். இதுக்கு முன்ன நான் போன தூர ஊரு வேளாங்கண்ணிதான். வெயில், வேர்வை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எல்லாம் நம்ம ஊரு மாதிரிதான்னு சொல்லுகாங்க, அதனால பெருசா பயம் இல்ல. ஆனா டிராவல்ஸ்காரரு மஞ்சக்காய்ச்சல் ஊசி போட்டே ஆகணும்னு நிக்காரு. மஞ்சக்காமாலைக்கு எங்க வீட்டுப் பக்கத்துலயே கீழாநெல்லி குடுக்க வைத்தியரு இருக்காரு, அதுக்கு எதுக்கு ஊசி? வீட்டுக்காரி நிலவேம்பு பொடி ரெண்டு பாக்கெட் வாங்கி பெட்டில வச்சாச்சு. போனவங்க யாராவது சொல்லுங்க.

தக்கலை மக்கா:
மக்கா அது வேற இது வேற. மஞ்சக்காமாலை ஈரல்ல வாற கோளாறு, மஞ்சக்காய்ச்சல் கொசு கடிச்சு வாற வைரஸ், நம்ம நாட்டுல அது கிடையாது, அதனாலதான் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டுல ஊசி போட்ட கார்டு கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா பிடிச்சு வச்சிருவாங்க. கானாவுக்குள்ள நுழையவும் அதே கார்டு வேணும். தூத்துக்குடி துறைமுக ஆஸ்பத்திரில போடுகாங்க, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். சும்மா போயி நிக்காத, போன் பண்ணி நாள் கேட்டுட்டு போ. ஒரு மருந்து குப்பி உடைச்சா அத சில மணி நேரத்துல தீத்துரணும், அதனால ஆள் சேத்துத்தான் போடுவாங்க. நான் கேக்காம போயி ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போச்சு. ஒரிஜினல் பாஸ்போர்ட் கொண்டு போ, நம்பர் கார்டுல எழுதணும். ஊசி போட்டு 10 நாள் கழிஞ்சாதான் கார்டு செல்லும், கடைசி வாரத்துக்கு வச்சிராத. ஒருக்க போட்டா ஆயுசுக்கும் போதும். முட்டை அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிரு.

திங்கள்சந்தை நர்ஸ்:
தம்பி, ஊசி ஒரு நாள் வேலை, உங்களுக்கு உண்மையான ஆபத்து மலேரியாதான். கானாவுல வருஷம் பூரா உண்டு, அதும் பால்சிபாரம், மூளைய பிடிக்கிற வகை. அங்கத்து ஆளுங்களுக்கு சின்ன வயசுல இருந்தே வந்து வந்து கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும், நமக்கு அது இல்ல. பழைய மலேரியா மாத்திரை குளோரோகுயின் அங்க பலிக்காது. டாக்டர்ட்ட கேட்டு தடுப்பு மாத்திரை வாங்குங்க. டாக்சிசைக்ளின் எழுதினா போறதுக்கு 1, 2 நாள் முன்ன தொடங்கி தினமும் ஒண்ணு, ஊருக்கு வந்த பிறவும் 4 வாரம் விடாம போடணும், எல்லாரும் நிறுத்துறது இங்கதான். சாப்பிட்ட பிறவு நிறைய வெள்ளத்தோட (தண்ணி) முழுங்குங்க, முழுங்கின உடனே படுத்தா நெஞ்சு எரியும். இந்த மாத்திரைக்கு வெயில்ல தோலு சிவந்து எரியவும் செய்யும், நீங்க களத்துல நிக்கிற ஆளு, முழுக்கை சட்டையும் தொப்பியும் வேணும். இந்த கொசு ராத்திரிதான் கடிக்கும், வலைய மெத்தைக்கு அடில சொருகிட்டு படுங்க.
நிலவேம்பு குடிக்கணும்னா குடிங்க, மாத்திரைக்கு பதிலா குடிக்காதீங்க.

கருங்கல்காரன்:
அக்கா சொன்னது என் கதை. 3 வருஷம் முன்ன வேற ஒரு ஆப்பிரிக்கா நாட்டுல இருந்து வந்து மாத்திரைய நிறுத்திட்டேன், பன்னிரண்டாம் நாள் குளிரு நடுக்கம், இங்க ஒரு ஆஸ்பத்திரில வைரல் ஃபீவர்னு பாரசிட்டமால் குடுத்து விட்டுட்டாங்க. அவங்கள மட்டும் சொல்லியும் பிரயோசனம் இல்ல, நானும் எங்க போயிட்டு வந்தேன்னு வாய் திறக்கல, பக்கத்துல மச்சான் நின்னாரு, சீக்க கொண்டு வந்துட்டான்னு சொல்லுவாருன்னு. மூணாம் நாள் கண்ணு சொருகி வேற இடத்துக்கு தூக்கிட்டு ஓடினாங்க, ரத்தத்துல பால்சிபாரம். 5 நாள் ஐசியூ. வந்து 3 மாசத்துக்குள்ள எந்த காய்ச்சல் வந்தாலும் மொத வார்த்தையே கானான்னு சொல்லு, அன்னைக்கே ரத்தம் குடு.

தக்கலை மக்கா:
சாப்பாடு சொல்ல மறந்துட்டேன். மரச்சீனியும் ஏத்தங்காயும் இடிச்சு ஃபூஃபூன்னு உருண்டை தருவாங்க, சூடா இருந்தா தைரியமா சாப்பிடு. பிளாஸ்டிக் பாக்கெட்டுல விக்கிற வெள்ளம் தெருவுல எல்லாம் கிடைக்கும், நான் அத கொதிக்க வச்சுத்தான் குடிச்சேன், ஊர்ல இருந்து சீரகம் கொண்டு போனேன். வயித்தால போனா ஓஆர்எஸ், இல்லன்னா கொதிச்சு ஆறின 1 லிட்டர் வெள்ளத்துல 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளக்கணும்.

குழித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி. தூத்துக்குடிக்கு போன் போட்டேன், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. கருங்கல் அண்ணன் எழுதினத வீட்டுக்காரிட்ட வாசிச்சு காட்டினேன், இப்ப போகவே வேண்டாம்னு நிக்கா. அக்கா, அந்த மாத்திரையோட நிலவேம்பும் சேத்து குடிச்சா ஒண்ணும் செய்யாதுல்ல? வாங்கினது வாங்கியாச்சு.

திங்கள்சந்தை நர்ஸ்:
மாத்திரை எழுதுற டாக்டர்ட்ட பாக்கெட்ட காட்டி கேளுங்க தம்பி. வீட்டுக்காரிட்ட கொசுவலை வாங்கச் சொல்லுங்க, பெட்டில அதுக்கு இடம் போடுங்க.