பழைய பேய்ப்படங்களில் கறுப்பின நடிகர்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு வயது 16. எழுந்து நடக்கும் பிணங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கதாநாயகன் பென் சுடப்பட்டதும் 'ஐயோ, இப்படி முடித்துவிட்டார்களே' என்று வருத்தப்பட்டேன், அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸைக் கவனித்தேன். அதிர்ச்சியில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் பார்பரா என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் காலில் செருப்பை மாட்டிவிடுகிறார். அப்புறம் பலகையை எடுத்து ஜன்னலில் ஆணி அடிக்கப் போய்விடுகிறார். 1968-இல் வந்த அமெரிக்கப் படத்தில், வெள்ளையர்கள் பதுங்கியிருக்கும் வீட்டில் ஒரு கறுப்பர் பொறுப்பை ஏற்கிறார். அவர் நிறத்தைப் பற்றி வசனத்தில் ஒரு சொல் கிடையாது. நடிப்புத் தேர்வில் அவர்தான் நன்றாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்று இயக்குநர் ரொமேரோ சொல்லியிருக்கிறார்.

இரவெல்லாம் பிணங்களிடம் தப்பித்தவரை, விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த கூட்டம் பிணமென்று நினைத்துச் சுடுகிறது. அப்புறம் வருபவை அசையாத, புள்ளி புள்ளியான புகைப்படங்கள். கையில் கொக்கிகளோடு ஆட்கள், இழுத்துப்போகப்படும் உடல், விறகுக் குவியல். அமெரிக்காவில் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்ற காலத்துப் படங்களை அதற்குள் பார்த்திருந்தேன். வயிறு பிசைந்தது. படம் வெளியானது அக்டோபரில். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அதே ஆண்டு ஏப்ரலில். அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த கறுப்பின ரசிகர்களை நினைத்துக்கொண்டேன்.

மறுமொழி

செருப்புக் காட்சியைப் படித்ததும் எனக்கு 'ஐ வாக்ட் வித் எ ஜாம்பி' (1943) நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் கறுப்பர் என்றாலே கண்ணை உருட்டிப் பயந்து ஓடும் வேலைக்காரர்தான். எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்காது. கறுப்பின நடிகை தெரசா ஹாரிஸுக்கு இதிலும் பணிப்பெண் வேடம்தான். ஆனால் தூங்கும் கதாநாயகியை, ஒரு வெள்ளைக்கார நர்ஸை, கால்விரலைத் தொட்டு எழுப்புகிறார். திடுக்கிடக் கூடாது, அதனால்தான் இதயத்துக்கு மிகத் தொலைவான இடத்தில் தொட்டேன் என்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடம் எனக்கு அலுக்காது.

அதே நர்ஸிடம் கறுப்பின வண்டிக்காரர், தன் முன்னோர்களைச் சங்கிலியால் பிணைத்துக் கப்பலில் கொண்டுவந்த கதையைச் சொல்வார். 'அழகான இடத்துக்குத்தானே வந்தார்கள்' என்பாள் அவள். நீங்கள் சொன்னால் சரி என்று பணிவாகச் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுவார்.