சுவாவிலிருந்து வரும் வீடியோ கால் ஒரு மணி நேரம் முந்துகிறது. டேப்லெட் கோளாறா?

தீவான்:
நான் மொரிஷியஸில், அக்கா குடும்பம் ஃபிஜியில், சுவாவில். ஞாயிறுதோறும் எனக்குக் காலை 11, அவர்களுக்கு இரவு 7. இதுதான் எங்கள் வீடியோ கால் நேரம். அக்கா தன் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் 7 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறாள். இரண்டு வாரமாக எனக்கு 10 மணிக்கே கால் வருகிறது. அப்போது நான் ஃப்ளாக் சந்தையில் கையில் கீரைக்கட்டோடு நிற்பேன். "ஏழு மணிக்குப் பேசலாம்னு சொல்லிட்டு எங்கடா சுத்துற?" என்று திட்டு வேறு. அத்தானின் கைக்கடிகாரத்தில் 6தான். டேப்லெட்டில் நேரம், நேர மண்டலம் எல்லாமே தானியங்கியில்தான் இருக்கிறது. போன வருடமும் இதே கூத்து. பொங்கல் கழிந்ததும் தானாகச் சரியாகிவிட்டது!

கொட்டாங்குச்சி:
நேர மண்டலத்தை ஆக்லாந்து என்று மாற்றச் சொல்லுங்கள். அதுவும் ஃபிஜி போல +12தானே (ஜிஎம்டி என்ற உலகப் பொது நேரத்தைவிட 12 மணி முன்னே).

முள்நகர்த்தி:
ஆக்லாந்து வேண்டாம். அங்கே இப்போது கோடைகால நேரம், +13. அதே தப்பு அப்படியே இருக்கும்.

பொங்கலோடு சரியானது என்றீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஃபிஜியில் 2009லிருந்து கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வந்தார்கள். கடைசியாகத் தள்ளியது 2020 டிசம்பரில்; 2021 ஜனவரியில் திருப்பி வைத்தார்கள். அதோடு சரி. ஆனால் அப்டேட் வராத பழைய டேப்லெட்டுக்கு இது தெரியாது. நவம்பர் நடுவில் +13, ஜனவரி நடுவில் +12 என்று பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். (மொரிஷியஸும் 2008-09 கோடையில் இப்படித் தள்ளிப் பார்த்து, வேண்டாமென்று விட்டது.)

செட்டிங்ஸில் ஃபிஜிக்கு ஜிஎம்டி+13 என்று காட்டினால் சந்தேகமே இல்லை. அப்டேட் கிடைக்காவிட்டால், மண்டலத்தின் தானியங்கியை மட்டும் அணைத்துவிட்டு துவாலுவின் ஃபுனாஃபுட்டி அல்லது மார்ஷல் தீவுகளின் மஜுரோவைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டும் வருடம் முழுக்க +12. மணியைக் கையால் பின்னே தள்ள மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் நேரமே தப்பாகி, சில ஆப்கள் திறக்காமல் முரண்டு பிடிக்கும்.

நாடிவாசி:
எங்கள் வீட்டுப் பழைய போனும் இதே ரகம். அதை நம்பி ஒருநாள் விடிகாலையில் இங்கே ஃபிஜியில் எங்கள் நாடி ஊர் முருகன் கோவிலுக்குக் கிளம்பி, நடை திறக்கும் வரை வாசலில் கொசுக்கடி.

செட்டிங்ஸைத் தேடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு தம்பி. சுவா பூமத்திய ரேகைக்குத் தெற்கே 18 டிகிரி, உங்கள் மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் 20 டிகிரி. அவரவர் நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையும் அந்தந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் எட்டு மணி நேர வித்தியாசம் இருந்தாலும், அவரவர் கடிகாரப்படி பொழுது சாய்வது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான். டிசம்பரில்கூட இங்கே ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். 'ஏழு' என்று அக்கா கூப்பிடும்போது வெளியே நல்ல வெளிச்சம் இருந்தால் டேப்லெட் பொய் சொல்கிறது.

தீவான்:
அட, போன வாரம் அக்காவுக்குப் பின்னால் கொடியில் காய்ந்த துணியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது! நான்தான் கவனிக்கவில்லை. செட்டிங்ஸில் +13தான் இருந்தது. ஃபுனாஃபுட்டி வைத்தாயிற்று. "என்னை எதுக்குடா துவாலுவுக்குக் குடி வச்சே?" என்று ஒரே புகார். இன்று சரியாக 11க்குக் கால் வந்தது, ஜன்னலில் கும்மிருட்டு.

இன்னொன்று. தைப்பூசத்தன்று அக்காவிடம் பேச வேண்டும். இங்கே அன்று அரசு விடுமுறை, அங்கே?

நாடிவாசி:
இங்கே விடுமுறை இல்லை. தீபாவளிக்குத்தான் இரண்டு ஊரிலும் லீவு. அக்கா வேலை முடிந்து 5 மணிக்கு வந்தால் உங்களுக்குக் காலை 9. நீங்கள் காவடி எடுப்பதாக இருந்தால் அப்போது போனை யார் பிடிப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.