1994-ஆம் ஆண்டு 486 கணினியில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்: 504 எம்பிக்கு மேல் ஏற மறுக்கிறது

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் என் தந்தையார் அச்சகம் நடத்திவந்த காலத்தில், 1994-இல் வாங்கிய 486 டிஎக்ஸ்2-66 கணினி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. டாஸ் 6.22 இயங்குதளமும் விண்டோஸ் 3.1-உம் அதில் ஓடுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேல் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகைகள், பில் புத்தகங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகளாக அதன் 420 எம்பி டிஸ்கில் கிடக்கின்றன. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அச்சகக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோதும் தார்ப்பாய்க்கு அடியில் இருந்து பிழைத்துக்கொண்ட அந்த டிஸ்க், இப்போது கணினியைப் போட்டவுடன் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய 40 ஜிபி ஐடிஇ (அக்கால இணைப்பு வகை) டிஸ்க் ஒன்று கிடைத்தது. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) டிஸ்கைத் தானாகக் கண்டறியும் வசதியை இயக்கினால் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. 1024 சிலிண்டர் (தட வரிசை), 16 ஹெட் (படிக்கும் முனை), 63 செக்டர் (தடத்தின் சிறு துண்டு) என்று டிஸ்கின் கணக்கைக் கையால் கொடுத்தால் வேலை செய்கிறது. ஆனால் 504 எம்பி மட்டுமே தெரிகிறது. முழு அளவையும் பயன்படுத்த வழி உண்டா? பழைய டிஸ்கை யுஎஸ்பி மாற்றியில் இணைத்து என் லேப்டாப்பில் நகலெடுக்கப் பார்த்தேன். அது டிஸ்கை அடையாளமே காணவில்லை. டிஸ்க் செத்துவிட்டதா?

லாஸ்பேட்டை பழையகணினி (புதுச்சேரி):

முதலில் ஒன்று: நகலெடுக்கும் நாள் வரை அந்தப் பழைய டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். அது செத்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். அக்கால டிஸ்குகள் பலவற்றுக்கு எல்பிஏ முகவரி முறை (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் அழைப்பது) தெரியாது, சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு மட்டுமே தெரியும். யுஎஸ்பி மாற்றிகளில் பெரும்பாலானவை எல்பிஏ முறையில் மட்டுமே பேசக்கூடியவை என்பதால், நல்ல நிலையில் உள்ள டிஸ்கைக்கூட அவை கண்டுகொள்வதில்லை. மதர்போர்டிலேயே ஐடிஇ இணைப்பு உள்ள பென்டியம் 4 காலத்துக் கணினி ஒன்றைப் பிடித்து, லினக்ஸில் ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு டிஸ்கையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் படிக்க முடிந்ததை முதலில் படித்துவிட்டு, தகராறு செய்யும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊரில் அந்த வசதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி 504-க்கு வருவோம். டாஸ் ஒரு செக்டரைக் கேட்கும்போது இரண்டு ஒப்பந்தங்களைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. பயாஸின் இன்ட் 13 அழைப்பு (டாஸ் டிஸ்கைக் கேட்கும் வழி) சிலிண்டருக்கு 10 பிட், செக்டருக்கு 6 பிட், ஹெட்டுக்கு 8 பிட் ஒதுக்குகிறது. ஐடிஇ டிஸ்கோ சிலிண்டருக்கு 16 பிட், செக்டருக்கு 8 பிட் என்று தாராளமாக இருந்தாலும் ஹெட்டுக்கு 4 பிட் மட்டுமே கொடுக்கிறது. ஒவ்வொன்றிலும் குறைவானதே நிற்கும் என்பதால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் (செக்டர் எண் சுழியிலிருந்து அல்லாமல் ஒன்றிலிருந்து தொடங்குவதால் 64 இல்லை) ஆகிய மூன்றின் பெருக்கம், அதாவது 10,32,192 செக்டர்கள், தலா 512 பைட் வீதம் 52,84,82,304 பைட் ஆகிறது. உங்கள் தந்தையாரிடம் அச்சக மொழியில் சொல்வதானால், மிஷின் சட்டம் நீளத்தில் குறைவு, தாள் அகலத்தில் குறைவு. அச்சேறும் பரப்பு இரண்டிலும் குறைந்ததைத்தான் கேட்கும்.

தானியங்கிக் கண்டறிதலில் கணினி உறைவது இதிலிருந்து வேறுபட்ட குறை. 8.4 ஜிபிக்கு மேற்பட்ட எந்த ஐடிஇ டிஸ்கும் 16,383 சிலிண்டர் என்றே தன்னை அறிவிக்கும். சிலிண்டர் எண்ணுக்கு 12 பிட் மட்டும் ஒதுக்கிய பயாஸ்கள் 4096-க்கு மேற்பட்ட எண்ணைக் கண்டவுடன் திகைத்து நின்றுவிடுகின்றன. ஆகவே டிஸ்கின் ஜம்பரை (பின்களை இணைக்கும் சிறு செருகி) 32 ஜிபி நிலைக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. அந்த ஜம்பர் 1999 வாக்கில் வந்த மதர்போர்டுகளின் வேறொரு தடைக்காக வைக்கப்பட்டது.

முதுநகர்க்காரர் (கடலூர்):

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று தோன்றுகிறது. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருளை டிஸ்கின் முதல் செக்டர்களில் எழுதிவிட்டால், கணினி தொடங்கும்போதே அது நினைவகத்தில் ஏறி, பயாஸுக்குத் தெரியாத பெரிய அளவைத் தானே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். மஞ்சக்குப்பத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த நாட்களில் நான் இப்படித்தான் பல கணினிகளைச் சரிசெய்து கொடுத்தேன். மாற்று பயாஸுக்காக ரோம் சிப், எழுதும் கருவி என்று அலைய வேண்டியதில்லை. ஒரு பிளாப்பி போதும்.

லாஸ்பேட்டை பழையகணினி (புதுச்சேரி):

ஐயா சொல்வது சரிதான், அந்த முறை வேலை செய்யும். எனினும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாராவது வைரஸ் என்று பயந்து டாஸின் எஃப்டிஸ்க் நிரலில், டிஸ்கின் தொடக்க நிரலை மறுபடி எழுதும் எம்பிஆர் கட்டளையைக் கொடுத்தால் அந்த மென்பொருள் அழிந்து, பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் பிரிவுகள்) காணாமல் போனதுபோல் ஆகிவிடும். பிளாப்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கினாலும் டிஸ்க் சரியாகத் தெரியாது. மென்பொருள் ஏறும்வரை காத்திருந்து ஸ்பேஸ் பாரை அழுத்தி, அதன்பிறகே பிளாப்பிக்குப் போக வேண்டும். இதை நாம் நினைவில் வைத்திருப்போம், அடுத்து அந்தக் கணினியைத் தொடுகிறவர் வைத்திருக்க மாட்டார்.

நான் செய்வது எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ். இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சிறிய பயாஸை 8 கேபி ரோம் சிப்பில் எழுதி, பழைய ஐஎஸ்ஏ (அக்காலக் கார்டு இணைப்பு வகை) நெட்வொர்க் கார்டில் பூட் ரோமுக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும் சாக்கெட்டில் செருகிவிட வேண்டும். கணினி தொடங்கும்போது மதர்போர்டு பயாஸ் இந்த ரோமைக் கண்டு கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். அது டிஸ்குடன் எல்பிஏ முறையில் நேரடியாகப் பேசிக்கொள்ளும். மதர்போர்டு பயாஸில் டிஸ்க் இல்லை என்று வைத்துவிட்டால் உறையும் சிக்கலும் தீர்ந்துவிடும். சிப்பில் எழுதுவதற்கு முன் அதனுடன் வரும் அமைப்பு நிரலில் 386-க்கு மேற்பட்ட கணினிகளுக்கான கோப்பைத் தேர்ந்தெடுத்து, செக்சம் (பிழையைக் காட்டும் கூட்டுத்தொகை) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். செக்சம் தவறினால் மதர்போர்டு அந்த ரோமைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கார்டைச் செருகும் முன் மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கிறதா என்று கவனியுங்கள். கசிந்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். உப்புக்காற்றில் முப்பது ஆண்டு இருந்த போர்டுக்கு இது அவசியம்.

பண்ருட்டிப் பலா:

டாஸ் 6.22-க்கு உள்ள வரம்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர் ஏமாந்துபோவார். எந்த ரோமைப் போட்டாலும் டாஸ் 6.22 ஒரு டிஸ்கில் 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த 2 ஜிபியையும் முழுதாக ஒரே பார்ட்டிஷனாக வைப்பது நல்லதன்று. டாஸின் ஃபேட்16 கோப்பு முறையில் 1 ஜிபிக்கு மேற்பட்ட பார்ட்டிஷனில் கிளஸ்டர் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறிய இடம்) 32 கேபி ஆகிவிடுவதால், 3 கேபி கடிதம்கூட 32 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 512 எம்பிக்குள் வைத்தால் கிளஸ்டர் 8 கேபியில் நிற்கும். சின்னச் சின்ன கோப்புகள் நிறைந்த அச்சகக் கணினிக்கு இதுவே சிக்கனம்.

இன்னொன்று, எடுத்த இமேஜை அப்படியே புதிய டிஸ்கில் எழுதாதீர்கள். பழைய டிஸ்கின் பூட் செக்டரில் அதன் ஹெட் எண்ணிக்கை பதிந்திருக்கும். புதிய ரோம் 255 ஹெட் கணக்கில் மொழிபெயர்க்கும்போது இரண்டும் முரண்பட்டு, கணினி தொடங்காது. 486-இலேயே எஃப்டிஸ்க் செய்து, சிஸ்டம் கோப்புகளோடு ஃபார்மட் செய்துவிட்டு, பிறகு டிஸ்கை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோய் இமேஜிலிருந்து கோப்புகளை மட்டும் நகலெடுங்கள்.

சத்தமும் சூடும் வேண்டாம் என்றால் 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் 40 பின் ஐடிஇ அடாப்டரும் போதும் என்பது என் கருத்து. டாஸ் எழுதும் அளவுக்கு அந்தக் கார்டு எளிதில் தேய்ந்துவிடாது.

கெடிலக்கரை (கடலூர்):

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. ரோம் வழியையே பின்பற்றினேன். ஒரே ஒரு இடத்தில் சிக்கியது: டாஸ் ஏறும்போது இஎம்எம்386 (நினைவக மேலாண்மை நிரல்) வரியில் கணினி நின்றுவிட்டது. கார்டின் ரோம் முகவரி டி000-இல் தொடங்குவதால், டி000 முதல் டி1எஃப்எஃப் வரை விலக்கிவைக்கும்படி கான்ஃபிக் கோப்பில் எழுதியவுடன் சரியாகிவிட்டது. விண்டோஸ் 3.1-இல் 32-பிட் டிஸ்க் ஆக்சஸையும் அணைத்துவிட்டேன்.

500 எம்பி வீதம் நான்கு பார்ட்டிஷன் மட்டும் போட்டிருக்கிறேன். 40 ஜிபியில் மீதியெல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. காம்பாக்ட் ஃபிளாஷ் யோசனையைத் தந்தையாரிடம் சொன்னேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டால்தான் கணினி வேலை செய்கிறது என்று நம்புவேன் என்கிறார். பழைய டிஸ்கை டிடிரெஸ்க்யூ இரண்டு இரவுகள் எடுத்துக்கொண்டு படித்தது. மீட்க முடியாமல் போனவை ஒன்பது செக்டர்கள். அவை ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பில் விழுந்திருந்தன. அதன் அசல் பிளாப்பி மேசை இழுப்பறையில் இருந்ததால் மறுபடியும் ஏற்றிக்கொண்டோம்.