ஐஆர்க்யூ: ‘விளித்தடம்’ என்னும் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சாதனம் ஒன்று தன்னைக் கவனிக்கும்படி செயலிக்கு அனுப்பும் குறிப்பான ஐஆர்க்யூவுக்குக் (interrupt request) ‘குறுக்கீட்டுக் கோரிக்கை’ என்ற சொல் அகராதிக்குப் பொருந்தினாலும், பழைய கணினியில் கூடுதல் தொடர்த்துறைகளைப் (சீரியல் போர்ட்) பழுதுபார்ப்பவருக்கு அது உதவாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே மொரீசியஸில் கரும்பு எடைமேடை ஒன்றின் கணினியை நான் பராமரிக்கிறேன். சுட்டி காம்1 என்னும் தொடர்த்துறையிலும், எடைக்கருவி பின்னர் செருகிய ஐஎஸ்ஏ அட்டையின் (பழைய கணினிகளின் விரிவாக்க அட்டை) காம்3-இலும் இருந்தன. சுட்டியை அசைத்தால் போதும், திரையில் எடை அப்படியே நின்றுவிடும். செயலி அவற்றை அணுகும் முகவரிகள் 3எஃப்8, 3இ8 என வேறுபட்டாலும், வழக்கமான அமைப்பில் இரு துறைகளுக்கும் குறிப்பைச் சுமக்கும் தடம் ஒன்றே, ஐஆர்க்யூ 4 தான். ஐஎஸ்ஏவில் அந்தத் தடத்தின் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயரும் கணம் மட்டுமே கவனிக்கப்படுவதால், ஒரு சாதனம் அதை உயர்த்திப் பிடித்திருக்கையில் மற்றது எழுப்பும் குரல் செயலியை எட்டுவதில்லை.

அதே எடைமேடையின் நீண்ட கம்பியில், அருகே ஓடும் மோட்டாரால் மின்னிரைச்சலும் புகுந்தது. அதையும் நாம் ‘குறுக்கீடு’ என்றே எழுதிவருகிறோம். ‘குறுக்கீட்டை நீக்கவும்’ என்று கையேட்டில் படிப்பவர் கம்பியை மாற்றுவாரா, அட்டையில் தட எண்ணைத் தேர்வுசெய்யும் சிறு இணைப்பியான ஜம்பரை மாற்றுவாரா? தொடர்த்துறையில் இவ்விரு பழுதுகளும் அடுத்தடுத்தே வரும் என்பதால் ஒரே சொல் இரண்டையும் சுமக்கக் கூடாது. ‘அழைப்பு’ என்பதும் ஆகாது. மோடம் செய்யும் தொலைபேசி அழைப்போடு அது கலந்துவிடும்.

ஆகவே ‘விளி’ என்கிறேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கணினி கற்ற எங்கள் மாணவர்கள்கூட விளி வேற்றுமையைத் தமிழ் வகுப்பில் படித்திருப்பார்கள். சாதனம் செயலியை விளிக்கிறது; அதைச் சுமக்கும் கம்பி விளித்தடம்; இரு சாதனங்கள் ஒன்றையே பற்றினால் விளித்தட மோதல். செயலி தன் வேலையை இடையில் நிறுத்துவது இச்சொல்லில் தெரியவில்லையே என்று சிலர் கேட்கலாம். நிறுத்துவது செயலியின் மறுமொழி. தடத்தில் செல்வது விளி மட்டுமே.

கையேட்டு வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘காம்3-இன் விளித்தடத்தை ஜம்பர் மூலம் 4-இலிருந்து 5-க்கு மாற்றி, இயங்குதளத்திலும் அதே எண்ணைப் பதிக, 5-இல் ஒலி அட்டை இருந்தால் முதலில் அதை வேறு தடத்துக்கு மாற்றுக.’ இந்த வரியில் எங்கேனும் பொருள் மயங்கினால் தெரிவியுங்கள்; சொல்லை மாற்ற ஆயத்தமாக இருக்கிறேன்.